எச்சம்

நன்மை செய்பவருக்கு அந்த நன்மையால் ஆதாயமும் உண்டானால், அதை நன்மை என்று சொல்லலாமா? இது பழைய கேள்வி. ஜெர்மன் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட் 1785இல் வெளியிட்ட அறநூல் ஒன்றில் ஒரு கடைக்காரரைக் காட்டுகிறார். விவரம் அறியாதவர் வந்தாலும், சிறு பிள்ளை வந்தாலும், அந்தக் கடைக்காரர் எல்லாரிடமும் வாங்கும் அதே விலையைத்தான் வாங்குவார். ஆனால், நாணயமாக நடந்தால்தான் வியாபாரம் நிலைக்கும் என்பதற்காகவே அவர் அப்படி நடக்கிறார் என்றால், அச்செயல் கடமைக்கு மாறானது அன்று. கடமைக்காகச் செய்யப்பட்டதும் அன்று என்று காண்ட் பிரித்து வைத்துவிடுகிறார். கடைக்காரரின் தராசு சரியாக இருக்கிறது. நெஞ்சுக்கு மட்டும் மதிப்பெண் இல்லை.

கத்தோலிக்கராகிய நமக்கு இந்த வழக்கு அந்நியமானதன்று. ஆன்ம சோதனையில் நாம் என்ன செய்தோம் என்று கேட்பதோடு நிற்பதில்லை. எதற்காகச் செய்தோம் என்றும் கேட்கிறோம். தருமம் செய்யும் கையைப் பற்றி ஆண்டவர் சொன்னதும் நினைவுக்கு வரும். எனவே கலப்பில்லாத நோக்கமே உயர்ந்தது, ஆதாயம் கலந்த நன்மை ஒரு படி தாழ்ந்தது என்ற எண்ணம் நமக்குள் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அந்த எண்ணத்தை ஓர் ஏரிக்கரையில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்தது.

செங்கற்பட்டு மாவட்டம் மதுராந்தகத்தை அடுத்த வேடந்தாங்கல் ஏரிக்குத் தை மாதத்தில் ஒரு நாள் போயிருந்தோம். நாங்கள் ஐவர். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், வங்கி அலுவலர் ஒருவர், அரசு மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரியும் அம்மையார், அவருடைய மகனான கல்லூரி மாணவன், எழுதும் நாம். பறவை பார்ப்பதில் மாணவனைத் தவிர மற்றவர்கள் கற்றுக்குட்டிகளே. இருட்டோடு சென்னையிலிருந்து புறப்பட்டுப் படாளம் கூட்டுச் சாலையில் திரும்பியபோது கிழக்கு வெளுத்திருந்தது. வயல்களில் கொக்குகள் ஏற்கெனவே வேலையைத் தொடங்கிவிட்டன.

வேடந்தாங்கலை முதன்முறை பார்ப்பவர் எவரும் வியப்பது அதன் சிறுமையைக் கண்டுதான். ஏரியின் பரப்பு ஏறத்தாழ 30 எக்டேர். எழுபத்தைந்து ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. தமிழ்நாட்டில் இதைவிடப் பெரிய ஏரிகள் எத்தனையோ உண்டு. ஆனால் இந்த ஏரியின் நடுவே, இடுப்பளவு நீரில், நீர்க்கடம்பு மரங்கள் கூட்டமாக நிற்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும் அம்மரங்கள் தீவுகளாகிவிடும். நாயும் பூனையும் மனிதனும் அணுக முடியாத தொட்டில்கள் அவை. எங்கள் முன்னே இலைகளை விடப் பறவைகளே மிகுந்திருந்தன என்றால் மிகையாகாது. நத்தை குத்தி நாரைகள் கிளைக்குக் கிளை நின்றன. கூழைக்கடாக்கள் மர உச்சியில் பாரமாக வந்து இறங்கும்போது மரமே ஒருமுறை தாழ்ந்து எழுந்தது. கரண்டிவாயன், வெள்ளை அரிவாள்மூக்கன், சாம்பல் நாரை, பாம்புத்தாரா, நீர்க்காகம் என மாணவன் சொல்லச் சொல்ல வங்கி அலுவலர் கணக்கேட்டில் எழுதுவதுபோல் எழுதிக்கொண்டே வந்தார். இராக்கொக்குகள் இரவுப் பணி முடித்துத் திரும்பி உறங்கத் தொடங்கியிருந்தன. செவிலியர் அம்மையாருக்கு அவற்றின் மேல் தனிப் பரிவு ஏற்பட்டதில் வியப்பில்லை.

நத்தை குத்தி நாரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதன் அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். நத்தையை ஓட்டிலிருந்து எடுத்துண்பதற்கு ஏற்ற அலகு அது. குஞ்சுக்கு அந்த இடைவெளி கிடையாது. வளர வளரத்தான் உண்டாகிறது. தொலைநோக்கியில் ஒரு கூட்டைப் பார்த்தோம். தாயின் அலகில் இடைவெளி வழியே வானம் தெரிந்தது. குஞ்சின் அலகு நேராக மூடியிருந்தது. அந்தக் கூட்டை விட்டு நகர எங்களில் ஒருவருக்கும் மனமில்லை.

இந்தப் பறவைகள் இங்கே இவ்வளவு அமைதியாகக் குடும்பம் நடத்துவது காட்டிலாகாவின் சட்டத்தால் மட்டும் அன்று. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972இல். வேடந்தாங்கல் மக்களுக்கு அதற்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு சட்டம் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயப் படைவீரர்கள் இந்த ஏரியில் நாரைகளைச் சுட்டார்கள் என்றும், ஊர் மக்கள் கொதித்தெழுந்து மாவட்ட ஆட்சியரிடம் முறையிட்டார்கள் என்றும் சொல்லப்படுகிறது. ஏரிப் பறவைகளைக் காக்கும் உரிமை ஊராருக்கு உண்டு, இங்கே எவரும் வேட்டையாடக் கூடாது என்று ஆட்சியர் லயனல் பிளேஸ் 1798இல் கௌல் எழுதிக் கொடுத்தார். பின்பு 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. ‘வேடர்’ என்ற சொல்லைப் பெயரிலேயே தாங்கிய ஊர், வேட்டைக்கு எதிராக எழுத்து வாங்கிய ஊராயிற்று. துப்பாக்கி ஏந்திய ஆட்சியின் வாயிற்படி ஏறிக் குடியானவர்கள் கொக்குக்காக வழக்காடியது நம் வரலாற்று நூல்களில் இன்னும் பெரிதாக எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

ஏன் வழக்காடினார்கள்? இங்கேதான் காண்டின் கடைக்காரர் வந்து நிற்கிறார். மரத்தில் ஆயிரக்கணக்கில் தங்கும் பறவைகளின் எச்சம் நீரில் விழுகிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் செறிந்த அந்த நீர் மதகு வழியே வயலுக்குப் பாய்கிறது. பறவை தங்கும் ஏரியின் நீர் பாய்ந்தால் வயலுக்கு வேறு உரம் வேண்டியதில்லை என்பது ஊராரின் பட்டறிவு. அவர்கள் காத்தது பறவையை மட்டுமன்று, தங்கள் நெல்லையும்தான்.

கரையோரத்து இருக்கையில் இட்லிப் பொட்டலங்களைப் பிரித்தபோது வங்கி அலுவலர் இதைப் பிடித்துக்கொண்டார். “பறவை நேசம் என்று நாம் போற்றுகிறோம். இது நேசமா, உரக் கணக்கா? எச்சம் விழாத பறவையாக இருந்திருந்தால் வெள்ளைக்காரனோடு சேர்ந்து இவர்களும் சுட்டிருப்பார்கள்” என்றார். கேட்பதற்குக் கடுமையாக இருந்தாலும் கேள்வி நேர்மையானது. பயிரைத் தின்னும் மயிலுக்கு நம் உழவர்கள் சில இடங்களில் நஞ்சு வைத்த செய்திகளை நாம் படித்திருக்கிறோமே! நாரை நெல்லைத் தின்பதில்லை. மீனையும் நத்தையையும் தவளையையும் தின்கிறது. அதனால் அதற்கு ஏரியில் இடம் கிடைத்தது எளிதாயிற்று.

தமிழாசிரியர் வேறு வழியில் போனார். “எச்சம் என்ற சொல்லைக் கவனியுங்கள்” என்றார். பறவை இட்டுச் செல்வதும் எச்சம். ஒருவர் தமக்குப் பின் விட்டுச் செல்வதும் எச்சம். ஒருவர் தக்கவரா இல்லையா என்பதை அளக்க வள்ளுவர் எடுத்துக்கொண்ட அளவுகோல் இந்தச் சொல்தான். இலக்கணத்திலும் அது உண்டு. பெயரெச்சம், வினையெச்சம் என்கிறோம்; முடியாமல் நிற்கும் சொல், தன்னை முடித்துவைக்க இன்னொரு சொல்லை எதிர்பார்க்கும் சொல். “ஆதாயத்துக்காகச் செய்த நன்மை பொய்யான நன்மை என்று ஏன் சொல்ல வேண்டும்? அது எச்சமாக நிற்கிறது. முற்று பின்னால் வரும்” என்றார் அவர். முப்பத்தைந்து ஆண்டுகள் இலக்கணம் நடத்தியவர் எதையும் இலக்கணமாக்கிவிடுவார் என்று வங்கி அலுவலர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்; ஆனால் அந்தச் சொல் எங்களோடு ஒட்டிக்கொண்டது.

மதகை ஒட்டிய வாய்க்காலில் முதியவர் ஒருவர் மண்வெட்டியால் மடை சரிசெய்துகொண்டிருந்தார். நவரைப் பட்டத்து நடவு முடிந்த வயல் அவருடையது. கரையிலிருந்து இறங்கிச் சென்று வணக்கம் சொல்லி, வங்கி அலுவலரே கேட்டார்: “பெரியவரே, இந்தப் பறவைங்களால உங்களுக்கு என்ன லாபம்?”

“லாபமா? தண்ணியப் பாருங்க. எங்க அப்பா காலத்துல காசு குடுத்து உரம் வாங்கினதா எனக்கு ஞாபகமே இல்ல.”

“இப்பவும் அப்படித்தானா?”

“இப்ப ஏதுங்க? யூரியா போடறோம், டிஏபி போடறோம். இந்த ரகத்துக்கு ஏரித் தண்ணி மட்டும் பத்தாது.”

“அப்ப இன்னும் எதுக்காகப் பறவைங்களக் காக்கறீங்க? தீபாவளிக்கு வெடிகூட வெடிக்கறதில்லன்னு சொல்றாங்களே?”

முதியவர் உடனே விடை சொல்லவில்லை. ஒரு கட்டி மண்ணை எடுத்து மடையில் வைத்து மிதித்தார். பிறகு, “பொண்ணு பிரசவத்துக்கு வந்து உள்ள படுத்திருக்குதுங்க. வாசல்ல நின்னு எவனாச்சும் வெடி வெப்பானா?” என்றார். செவிலியர் அம்மையார் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏரியைப் பார்த்தார்.

முதியவரின் சொற்களைத் தங்கத் தட்டில் வைத்துக் கொண்டாட நாம் விரும்பவில்லை. ‘தாய்வீட்டுக்கு வந்த மகள்’ என்ற உவமை பறவை வரும் ஊர்களில் பலர் வாயிலும் கேட்பதுதான். திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் பறவைகள் ஏரியில் மட்டுமல்லாது வீட்டுக் கொல்லை மரங்களிலும் கூடு கட்டுகின்றன. கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை ஊரார் எடுத்து வளர்க்கிறார்கள். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியிலும் தீபாவளிக்கு வெடிச்சத்தம் இல்லை. இங்கெல்லாம் எச்சத்தின் பயனும் உண்டு, மகள் என்ற உறவும் உண்டு. எது முந்தியது, எது பிந்தியது என்று பிரிப்பது பாலையும் நீரையும் பிரிப்பதாகும். அதற்கு அன்னம் வேண்டும், அது இந்த ஏரியில் இல்லை.

ஆனால் ஒன்றைப் பார்க்க முடிகிறது. ஆதாயம் குறைந்த பின்னும் கட்டுப்பாடு குறையவில்லை. தொடக்கத்தில் பயன் கருதிப் பழகிய பழக்கம், தலைமுறைகள் கடந்தபோது, பயனை இழந்தும் நிற்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. காண்டின் கடைக்காரரை ஒருநாள் மட்டும் பார்த்தால் அவர் நெஞ்சில் ஆதாயம்தான் தெரியும். அவருடைய பேரன் கடையில் போய்ப் பாருங்கள். தராசில் கை வைப்பதே அந்தக் குடும்பத்துக்கு அருவருப்பாகியிருக்கலாம். இதை நெஞ்சின் தூய்மை என்பதா, ஊரின் பழக்கம் என்பதா? அருள் இயல்பை அழிப்பதில்லை, அதை நிறைவுறச் செய்கிறது என்ற புனித தோமா அக்குவினாரின் போதனையை நாம் மறைக்கல்வியில் கேட்டிருக்கிறோம். அருள் வந்து தங்க மனிதரின் வயிற்றுப்பாடு தகுதியற்ற இடம் என்று எவரும் சொல்லவில்லையே. மகனை வளர்க்கும் தாயின் மனத்தில், முதுமையில் இவன் நம்மைப் பார்த்துக்கொள்வான் என்ற நம்பிக்கையும் ஓர் ஓரத்தில் இருக்கத்தான் செய்கிறது. அதனால் அவள் ஊட்டிய சோறு கலப்படச் சோறாகிவிடுமா?

இணைச்சட்ட நூலின் இருபத்திரண்டாம் அதிகாரத்தில் பறவைக் கூட்டைப் பற்றிய சட்டம் ஒன்று உண்டு. வழியில் ஒரு கூடு கண்டால் குஞ்சுகளை எடுத்துக்கொள்ளலாம்; ஆனால் தாயைப் போகவிட வேண்டும். அச்சட்டம் பறவையை உண்ணாத துறவிகளுக்கு எழுதப்பட்டதன்று, பசித்தவர்களுக்கு எழுதப்பட்டது. எடுக்கும் கையிடமே, இதற்கு மேல் எடுக்காதே என்கிறது. அதற்கு வாக்களிக்கப்பட்ட பலனும் ஆதாயமே: நலமும் நீடித்த வாழ்நாளும். தேவை உள்ளவனின் கட்டுப்பாட்டைத் திருச்சட்டம் எவ்வளவு மதிப்பாக நடத்துகிறது என்பது எங்களுக்கு அந்தக் கரையில்தான் விளங்கிற்று. நாரைக்கு எபிரேய மொழியில் வழங்கும் பெயரே பேரன்பைக் குறிக்கும் சொல்லின் வேரிலிருந்து பிறந்தது என்பர் அறிஞர்.

இனிப் பார்க்க வந்த நம்முடைய நெஞ்சையும் சற்றுத் தராசில் வைக்க வேண்டும். பறவை நோக்குவோர் எதையும் எடுத்துச் செல்வதில்லை, பார்ப்பதோடு சரி. ஆகவே இதுவே ஆதாயமற்ற அன்பு என்று எண்ணத் தோன்றும். ஆனால் பறவையியலின் வரலாறு துப்பாக்கியோடு தொடங்கியது என்பதை மறப்பதற்கில்லை. சாலிம் அலி (1896–1987) சிறுவனாக ஒரு சிட்டைச் சுட்டு வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. அது என்ன பறவை என்று கேட்கப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறியவர்தான் பின்னாளில் நாட்டின் பறவையியலுக்கே வழிகாட்டியானார். 1985இல் வெளியான தம் வரலாற்று நூலுக்கு ஒரு சிட்டுக்குருவியின் வீழ்ச்சி என்று பொருள்படும் பெயரை வைத்தார். நற்செய்தியில் சிட்டுக்குருவிகளைப் பற்றி இயேசு சொன்னதன் எதிரொலி அந்தப் பெயரில் கேட்கிறது. அந்நாளைய அறிவியலுக்குப் பறவையை அறிய அதைக் கொல்ல வேண்டியிருந்தது. இன்று துப்பாக்கியின் இடத்தில் தொலைநோக்கியும் ஒளிப்படக் கருவியும் வந்திருக்கின்றன. மாற்றம் பெரிது, நல்லது. என்றாலும் ‘சுடுதல்’ முற்றும் ஒழிந்துவிடவில்லை. ஒளிப்படத்துக்காகக் கூட்டின் அருகே நெருங்குவோரும், கைப்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கச்செய்து அதை வெளியே வரவழைப்போரும் இல்லாமல் இல்லை. தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டான் என்று நம்பி ஓடிவரும் பறவை, இரை தேட வேண்டிய நேரத்தை ஒரு பொய்யோடு போரிட்டுச் செலவிடுகிறது.

பட்டியலும் ஓர் ஆதாயமே. அன்று நாங்கள் முப்பதுக்கு மேற்பட்ட இனங்களைக் குறித்துக்கொண்டோம். கூடிய எண்ணிக்கையில் ஒரு களிப்பு இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. 2015 முதல் நடைபெற்றுவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பைப் போன்ற முயற்சிகளில், எளிய மக்களின் பட்டியல்கள் பெரிய அறிவாகத் திரள்வதும் உண்மை. எந்தப் பறவை குறைகிறது, எது வழி மாறுகிறது என்று அறிய அவை உதவுகின்றன. எனவே நம் களிப்பையும் பழிக்க வேண்டாம். நம்முடைய பார்வை தூயது, உழவரின் காவல் கலப்படமானது என்ற தரவரிசைதான் எங்களுக்கு ஒவ்வவில்லை.

சத்திமுத்தப் புலவரை எண்ணிப் பாருங்கள். மதுரையில் வாடைக் காற்றில் போர்வையின்றி நடுங்கிய அந்த ஏழை, தலைக்கு மேல் போன நாரையைப் பார்த்தார். ஊரில் இருக்கும் மனைவிக்கு என் நிலையைச் சொல் என்று அதனிடம் கெஞ்சினார். அவர் அழகு பார்க்க வரவில்லை; குளிரும் வறுமையும் பார்க்க வைத்தன. இருந்தும் அலகின் வடிவம், காலின் நிறம், தென்குமரியிலிருந்து வடக்கே போகும் திசை என எல்லாம் அந்தப் பாட்டில் வழுவின்றி இருக்கின்றன. தேவை கண்ணை மறைத்துவிடும் என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அவருக்குத் தேவையே கண்ணாயிற்று.

இந்த வாதத்தில் வங்கி அலுவலரை வென்றுவிட்டோம் என்று எண்ணியபோது, செவிலியர் அம்மையார் ஒரு கேள்வி கேட்டார். “அவர்கள் நோக்கம் தூயதா என்று இவ்வளவு நேரம் பேசுகிறீர்களே, அவர்களுக்கு ஆகும் செலவைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே!”

செலவு வெடிக்காத பட்டாசோடு முடிவதில்லை. பறவைகளுக்கு இந்த ஏரி படுக்கையறை மட்டுமே. சமையலறை சுற்றியுள்ள ஊர்களில் இருக்கிறது. நாரைகள் அன்றாடம் பறந்து சென்று அக்கம்பக்கத்து ஏரிகளிலும் நெல்வயல்களிலும் இரை தேடுகின்றன. யாருடைய வயலிலோ உண்டு, வேடந்தாங்கல் நீரில் எச்சமிடுகின்றன. அந்தக் கொடுக்கல் வாங்கலுக்குக் கணக்கெழுதியவர் எவரும் இல்லை. எனவேதான் 1998ஆம் ஆண்டு அறிவிக்கையில் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயமாகக் கொள்ளப்பட்டது. அந்த வட்டத்தின் வெளிப்பகுதியில் கட்டுப்பாட்டைத் தளர்த்தும் முன்மொழிவு 2020இல் எழுந்தபோது பெரும் எதிர்ப்பு கிளம்பிற்று. எதிர்ப்பு நியாயமானது என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. சமையலறையை இடித்துவிட்டுப் படுக்கையறையைக் காப்பதில் பொருளில்லை. 2022இல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் ராம்சர் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. 2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டின் ராம்சர் இடங்கள் 20 ஆயின. மகிழ்ச்சிதான்.

ஆனால் அந்த வட்டத்துக்குள் ஊர்கள் இருக்கின்றன. வெளியே தொழிற்சாலைகள் வளர்கின்றன. உள்ளே வளரக் கூடாது. நிலத்துக்கு வெளியே கிடைக்கும் விலை உள்ளே கிடைக்குமா என்று எவரும் கேட்கலாம். “நான் தினமும் ஊசியில் ஏற்றும் மருந்து எங்கோ ஓர் ஊரின் ஓரத்தில்தான் தயாராகிறது. அந்த ஊரில் நாரை வரவில்லை, அவ்வளவுதான்” என்றார் அம்மையார். நகரத்தில் வாழும் நாம் தொழிற்சாலையின் பொருளையும் வாங்குகிறோம், தொழிற்சாலை இல்லாத ஏரியையும் பார்க்க வருகிறோம். இரண்டும் நமக்கு வேண்டும். இரண்டாவதற்காக நாம் கொடுப்பது நுழைவுச் சீட்டும், எப்போதாவது ஒரு கண்டன மனுவில் ஒரு கையெழுத்தும். கட்டுப்பாட்டின் பெருமையில் நாடு முழுவதும் பங்கு கொள்கிறது. கட்டுப்பாட்டின் பாரம் சில ஊர்களின் தோளில் மட்டும் இருக்கிறது. இது நீதியாகாது. 2015இல் வெளிவந்த ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலில் திருத்தந்தை பிரான்சிஸ், பூமியின் துன்பத்தையும் ஏழையின் துன்பத்தையும் தனித்தனியே கேட்க முடியாது என்ற கருத்தை அழுத்திச் சொன்னபோது, இத்தகைய ஊர்களும் அந்தக் கருத்துக்குள் அடங்கும் என்றே கொள்கிறோம்.

என்ன செய்யலாம்? ஏரியைத் தூர்வாரிக் காப்பது, அந்த நீரில் விளையும் நெல்லுக்கு நல்ல விலை, வருவோர் தரும் கட்டணத்தில் ஊருக்கு உரிய பங்கு, வழிகாட்டும் வேலை உள்ளூர் இளைஞருக்கே என்று வங்கி அலுவலர் தம் ஏட்டின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கிவிட்டார். காலையில் ‘உரக் கணக்கு’ என்று இகழ்ந்தவர் மாலையில் கணக்கெழுதியது தமிழாசிரியருக்குப் பெரிய வேடிக்கை. ஆனால் கணக்கு வேண்டும்தான். நன்றியை நெஞ்சில் வைத்துக்கொண்டு நடையைக் கட்டுவது எளிது. ஆதாயத்தோடு தொடங்கிய ஒரு நன்மையை வாழவைக்க, அந்த ஆதாயம் வற்றாமல் பார்த்துக்கொள்வதும் அன்பின் வேலைதான்.

பொழுது சாயும் நேரத்தில் பறவைகள் திரும்பத் தொடங்கின. பத்து, இருபது, நூறு என்று எல்லாத் திசைகளிலிருந்தும் வந்து இறங்கின. மாணவன் எண்ணுவதை நிறுத்திவிட்டான். முதியவரை மீண்டும் மதகடியில் கண்டோம். அவருக்கு ஒரு பேரன் இருப்பதாகவும், ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை பார்ப்பதாகவும் சொன்னார். வயலுக்கு அவன் வருவதில்லையாம்.

“அவன் காலத்துலயும் ஊர்ல வெடி வெடிக்காம இருப்பாங்களா, ஐயா?” என்று மாணவன் கேட்டான்.

“அவனா?” முதியவர் சிரித்தார். “தீபாவளிக்கு மொத நாளு சிநேகிதப் பசங்க ரூம்ல எல்லாத்தையும் வெடிச்சித் தீத்துட்டுத்தான் பஸ் ஏறுவான். ஊருக்குள்ள ஒரு மத்தாப்புகூடக் கொளுத்த மாட்டான். ஏன்டான்னு கேட்டா, தெரியாது தாத்தாங்கறான்.”

மதகைத் திறக்க வேண்டிய முறை அன்று அவருடையது. பேச்சை விட்டுவிட்டு மண்வெட்டியோடு இறங்கிப் போனார். பச்சை நிறம் கலந்த நீர் வாய்க்காலில் சத்தமின்றி ஓடத் தொடங்கிற்று.